மேல்மடிப்புக்கு அடியில்

அன்புள்ள கோமதிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் உன் தம்பி இதற்குள் எனக்குப் போன் போட்டு அழுதிருப்பான். பொங்கலுக்கு நீ அனுப்பியதற்கு நான் பதில் போடவில்லை என்று மீனாவிடம் குறைபட்டுக்கொண்டாயாம். நீ அனுப்பியது வாட்ஸ்அப்பில் ஒரு கரும்புப் படம். கரும்புப் படத்துக்கு எவளாவது பதில் கடிதம் எழுதியிருக்கிறாளா? சரி, விடு. பேத்திக்குப் பல் முளைக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் இல்லை. மருமகன் தங்கமான பையன், காரம்தான் ஆகாது. லண்டனில் குளிர் சற்று விட்டிருக்கிறது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம்முடைய பழைய வழக்கில் எனக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது, அதுவும் சீன அரண்மனையிலிருந்து. எந்த வழக்கு என்று தெரியாததுபோல் முகத்தை வைத்துக்கொள்ளாதே. ரவிக்கையில் முந்தானைக்கு அடியில் போகிற பக்கத்துக்கு எதற்கடி பூத்தையல் என்று நீ கேட்பாய். அங்கே வெறும் துணியை விட்டால் அது பாதி ரவிக்கைதான் என்று நான் கத்துவேன். தங்கம் டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்வார். அந்த வழக்குதான்.

மகள் ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போனாள். அவளுக்குக் குழந்தை தூங்கினால் போதும், எந்தக் கூடமாக இருந்தால் என்ன? நான் சீனப் பொருள்கள் இருக்கும் பக்கம் ஒதுங்கினேன். பீங்கானைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். எனக்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் கையை இரண்டு பக்கமும் விரித்தபடி ஒரு நீலப் பட்டு அங்கி. மஞ்சு வம்சத்தார் சீனாவை ஆண்ட காலத்து டிராகன் அங்கி. 1644 முதல் 1912 வரை அவர்கள் ஆட்சி. அதன்பிறகு நான் நகரவில்லை. காவலாளி இரண்டு முறை வந்து என்னையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தத் தங்க வேலையைப் பற்றி உனக்குச் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். டிராகனின் உடம்பு முழுவதும் தங்க இழை. அது நாம் கோக்கிற ஜர்தோசி உலோகச் சுருளும் இல்லை, ஜரிகையும் இல்லை. மெல்லிய தாளில் தங்க ரேக்கை ஒட்டி, அதை மயிரிழைப் பட்டைகளாக நறுக்கி, பட்டு நூலைச் சுற்றி முறுக்கியிருக்கிறார்கள். தாள், கோமதி! சக்கரவர்த்தி முதுகில் மின்னுவது தாள்! இதை ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுத்தால் உரிந்துபோகும். ஆகவே இழையைத் துணியின் மேல் இரண்டிரண்டாகப் படுக்கவைத்து, மெல்லிய பட்டு நூலால் இடைவெளி மாறாமல் கட்டிக்கொண்டே போகிறார்கள். செதில் வளைகிற இடத்தில் இழையும் வளைகிறது. முனையில் திரும்பி அதே வழியாக வருகிறது. கட்டும் நூல் பல இடங்களில் சிவப்பு. அதனால் தங்கம் வெளிறித் தெரியாமல் சற்றுப் பழுத்த நிறம் கொள்கிறது. கைப்பகுதியில் உராய்ந்த ஓரிடத்தில் தங்கம் உதிர்ந்து உள்ளே இருந்த பட்டுநூல் வெளியே தெரிந்தது. ஒரு விரல் அகலத்துக்குள் எத்தனை கட்டு என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். என் கண்ணும் முன்போல் இல்லை.

மேகங்கள் வேறு மாதிரி. முறுக்காத பட்டு இழை. சுசோ ஊர்க்காரிகள் ஒரு இழையைப் பதினாறாகவும் அதைவிட மெல்லியதாகவும் பிரித்துத் தைப்பார்களாம். ஒரே நீலத்தில் வெளிர், நடு, அடர் என்று படிப்படியாக இறக்கியிருக்கிறார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் தூரிகையால் பூசியது என்றுதான் சொல்வாய். நீ அந்த மயில் தோகையை ஒரே பச்சையில் முடித்து அனுப்பிய முகூர்த்த ரவிக்கை எனக்கு நினைவு வந்தது. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

இப்போது சாட்சி. முன்பக்கம் டிராகன்களை எண்ணினேன். மார்பில் ஒன்று, நேராக நம்மைப் பார்க்கிறது. இரண்டு தோளிலும் ஒவ்வொன்று. கீழே முழங்கால் உயரத்தில் இரண்டு, ஒன்றை ஒன்று பார்த்தபடி. மொத்தம் ஐந்து. பின்பக்கமும் அதே கணக்கு: முதுகில் ஒன்று, கீழே இரண்டு, தோளில் இருப்பவை பின்னாலும் தெரியும். இரட்டிப்பை நீக்கினால் எட்டு வருகிறது. ஆனால் அங்கியில் இருப்பவை ஒன்பது. அந்த ஒன்பதாவது எங்கே?

இந்த அங்கியின் முன்பாகம் இடமிருந்து வலமாகக் குறுக்கே வந்து வலது அக்குளுக்கு அடியில் பித்தான்களில் மாட்டிக்கொள்ளும். குதிரை ஏறுகிற கூட்டத்தின் உடை அல்லவா? அந்த மேல்மடிப்புக்கு அடியில் இன்னொரு பாகம் இருக்கிறது, உடுத்தியபிறகு யார் கண்ணிலும் படாதது. அதில் இருக்கிறது ஒன்பதாவது டிராகன். அதற்கும் செதில், அதற்கும் மீசை, அதற்கும் ஐந்து நகம். நான் நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தில் மடிப்பை விலக்கி எடுத்த படம் இருக்கிறது. மற்ற எட்டுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பார்த்தாயா?

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "கலைக்காகவா செய்தார்கள்? கணக்குக்காகச் செய்தார்கள்" என்பாய். ஒப்புக்கொள்கிறேன், கணக்குதான். ஒற்றை எண்களில் ஒன்பது உச்சம், ஐந்து நடு. இரண்டும் சேர்ந்தால் சக்கரவர்த்தியின் எண்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஐந்து தெரிய வேண்டும், கூட்டினால் ஒன்பது இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி ஒன்றை மறைத்து வைப்பது. இந்த யோசனையைச் சொன்ன முதல் ஆளுக்கு நான் இங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டேன்.

அந்தக் காலத்துச் சட்டத்தைக் கேட்டால் சிரிப்பாய். சியென்லுங் என்ற சக்கரவர்த்தி 1759இல் யார் யார் என்ன உடுத்த வேண்டும் என்று படங்களோடு ஒரு பெரிய விதிநூலே தொகுக்கச் செய்தார். பளீர் மஞ்சள் சக்கரவர்த்திக்கும் பட்டத்தரசிக்கும் உரியது. பட்டத்து இளவரசனுக்கு ஆப்ரிகாட் பழ மஞ்சள். மற்றப் பிள்ளைகளுக்குப் பொன் மஞ்சள். மஞ்சளிலேயே இத்தனை படி. சக்கரவர்த்திக்கும் இஷ்டப்பட்டதை எடுத்து மாட்ட முடியாது: வானத்தை வணங்கப் போனால் நீலம், நிலத்துக்கு மஞ்சள், சூரியனுக்குச் சிவப்பு, நிலவுக்கு வெளிர் நீலம். உன் வீட்டுக்காரர் ஒரே சட்டையில் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் போகிறாரே, அவரை அங்கே அனுப்பியிருக்க வேண்டும்.

ஐந்து நகம் உயர்ந்த டிராகன், நான்கு நகம் அடுத்த படி. அந்தத் தகுதி இல்லாத ஒருவருக்குச் சக்கரவர்த்தி தயவு பண்ணி ஐந்து நகத் துணியைப் பரிசாகக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? வாங்கியவர் வீட்டுக்குப் போய் ஒரு நகத்தைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் உடுத்த வேண்டும். விதியே அப்படி. இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பிரிப்பது எப்படிப்பட்ட வேலை என்று உனக்கும் எனக்கும் தெரியுமே. தைப்பதைவிடக் கடினம். கத்தரி முனை துணியைத் தொடக் கூடாது, பக்கத்துக் கட்டு அவிழக் கூடாது. எவ்வளவு பக்குவமாகப் பிரித்தாலும் சாட்டினில் ஊசி போன துளை மூடாது. ஒவ்வொரு பாதத்திலும் ஒரு நகம் இருந்த இடத்தில் புள்ளிப் புள்ளியாகத் துளைகள். அதை உடுத்திக்கொண்டு சபையில் நிற்கிற மனிதர் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தால் எவ்வளவு குறைந்தவர் என்று தெரியும். மரியாதையையும் கொடுத்து அதன் அளவையும் கூடவே காட்டுகிற பரிசு. அரசாங்கம் என்றால் இப்படி யோசிக்க வேண்டும்!

அதிகாரிகளின் மார்புச் சதுரத்தைப் பற்றியும் கேள். மஞ்சுக்களுக்கு முன் ஆண்ட மிங் அரசர் காலத்திலேயே, 1391இல் வந்த ஏற்பாடு. எழுத்து வேலைக்காரர்களுக்குப் பறவை, படைக்காரர்களுக்கு விலங்கு. முதல் படிக்குக் கொக்கு, மூன்றாம் படிக்கு மயில், எட்டாம் படிக்குக் காடை. சூரியனைப் பார்த்தபடி பறவை நிற்கும். மனைவிக்கும் அதே பறவைதான்; ஆனால் அவளுடையது எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும், இருவரும் அருகருகே உட்கார்ந்தால் பறவைகள் ஒன்றை ஒன்று பார்க்கட்டும் என்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதவியைக் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள். உடனே தையல்காரர்கள் மேகம், அலை, சூரியன் எல்லாவற்றையும் தைத்து, பறவையை மட்டும் தனியாகச் செய்து மேலே ஒட்டித் தைக்கத் தொடங்கினார்கள். உயர்வு வந்தால் காடையைப் பிரித்துவிட்டு அடுத்த பறவையை வைத்துக்கொள்ளலாம். உன் வீட்டுக்காரர் பதவி உயர்வுக்காகக் காத்திருந்த அந்த வருஷங்களில் இது தெரிந்திருந்தால் நீயே ஒரு மயிலைத் தைத்துத் தயாராக வைத்திருப்பாய். அதுவும் ஒரே பச்சையில்.

சக்கரவர்த்தியின் அங்கியில் இன்னும் பன்னிரண்டு சின்னங்கள் உண்டு. இடது தோளில் சூரியன், அதற்குள் ஒரு பறவை. வலது தோளில் நிலா, அதற்குள் முயல். நம் நிலாவில் இருக்கிற முயலேதான்; அங்கே அது சும்மா உட்காராமல் உரலில் சாகா மருந்து இடித்துக்கொண்டிருக்கிறது. கழுத்துக்கு முன்னால் நட்சத்திரங்கள், பின்னால் மலை. பிறகு டிராகன், கோழி இனத்து வண்ணப் பறவை, முன்னோருக்குப் படைக்கும் கிண்ணங்கள், நீர்ப்பாசி, தானியம், நெருப்பு, கோடரி, நல்லது கெட்டது பிரித்தறியும் அடையாளமாக முதுகோடு முதுகு வைத்த ஓர் உருவம். இவற்றுக்குள்ளேயே ஐம்பூதக் கணக்கும் ஒளிந்திருக்கிறது. அவர்கள் ஐந்து நம் ஐந்தல்ல. மலை மண், கிண்ணம் உலோகம், பாசி நீர், தானியம் மரம், நெருப்பு நெருப்பு. தானியம் எதற்கு? ஊருக்குச் சோறு போடுவது அவன் பொறுப்பு. கோடரி எதற்கு? அதைச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கியின் அடிவிளிம்பில் சாய்ந்த பட்டைகளாகக் கடல். அதன்மேல் உருளும் அலை. அலையைப் பிளந்துகொண்டு நான்கு திசையிலும் மலை. அதற்கும் மேலே மேகமும் டிராகனும். கழுத்து வளையத்துக்கு வெளியே வருகிற தலைதான் வானம். ஆள் உள்ளே நுழைந்தால்தான் உலகம் முழுமையாகும். கண்ணாடிப் பெட்டிக்குள் கழியில் மாட்டி வைத்திருப்பது கோபுரம் இல்லாத கோயில் மாதிரிதான். இடையிடையே சிவப்பு வௌவால்கள் வேறு. சீன மொழியில் வௌவாலும் நற்பேறும் ஒரே ஒலியாம், ஆகவே துணி முழுக்கப் பறக்கவிட்டிருக்கிறார்கள். விடுதியில் உன் தலைமேல் விழுந்ததும் நற்பேறுதான் என்று வைத்துக்கொள், அதற்காக நீ மூன்றாவது மாடியிலிருந்து கத்திய கத்தலை வார்டன் மறந்தாலும் நான் மறக்கவில்லை.

உனக்கு நான் நியாயமும் செய்ய வேண்டும். இந்த ஒழுங்கு கடைசிவரை நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி அங்கிகளைப் பழையவற்றோடு சேர்த்துப் பார்த்தால் சட்டென்று தெரிகிறது. அடிவிளிம்பின் சாய்ந்த பட்டை மேலே ஏறிக்கொண்டே போகிறது. நேர்கோடுகள் அல்லவா, தைப்பது சுலபம், இடம் அடையும். 1870களுக்குப் பிறகு ஐரோப்பியச் சாயங்கள் வந்து ஊதா கண்ணைக் குத்துகிறது. நகக் கணக்கையும் யாரும் பார்ப்பதில்லை, ஆளாளுக்கு ஐந்து நகம். ஒன்பதாவது டிராகன் நேர்த்தியாக இருந்தது தைத்தவரின் மனசாட்சியால் மட்டும் அல்ல, மேலே ஒருவன் கேட்பான் என்பதாலும்தான். இதை நீ சபையில் என் பெயரைச் சொல்லிப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனாலும் ஒன்று கேட்கிறேன்: கேட்க ஆள் இல்லாதபோதும் நீ எந்த ரவிக்கையின் உள்பக்க முடிச்சையும் தொங்கவிட்டது இல்லையே, அது ஏன்? அதற்குப் பதில் சொல்.

அங்கியின் மாதிரியைப் பெய்ஜிங்கில் ஓவியர்கள் வரைவார்கள். சம்மதம் கிடைத்தபின் தெற்கே சுசோ, ஹாங்சோ, நான்ஜிங் என்ற மூன்று ஊர்களில் இருந்த அரசுப் பட்டறைகளுக்குப் போகும். துணியை வெட்டாமல் மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அங்கியின் உருவத்தை அதன்மேல் வரைந்து, முழு வேலையும் முடித்த பிறகுதான் கத்தரி. நாமும் அப்படித்தானே? வெட்டாமலே நின்றுவிட்ட துணிகள்கூட அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கிறபோதுதான் மேல்மடிப்புக்கு அடியில் போகவேண்டிய டிராகன் மற்றவற்றோடு வெளிச்சத்தில் கிடக்கிறது. நான்ஜிங் பட்டறைக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி சாவ் யின் என்பவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அங்கே ஊசி பிடித்த ஒருத்தியின் பெயரையாவது தேடினேன், கிடைக்கவில்லை.

1912 பிப்ரவரியில் கடைசிச் சக்கரவர்த்தியான ஆறு வயதுப் பிள்ளை பூயியின் பெயரால் முடி துறந்தார்கள். அதற்குப் பிறகு இந்த அங்கிகள் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. வெளிநாட்டுச் சீமாட்டிகள் வாங்கி மாலை விருந்துக்கு மேலங்கியாகப் போட்டுக்கொண்டார்கள். சிலர் வெட்டித் தலையணை உறை தைத்தார்கள். தலையணை உறை! படித்த அன்று இரவு மகளிடம் அரைமணி நேரம் புலம்பினேன், அவள் குழந்தையைக் காட்டி வாயை மூடச் சொன்னாள்.

இன்னொரு சோகம் இதைவிடப் பெரிது. பெய்ஜிங்குக்குப் பக்கத்தில் 1620இல் இறந்த வான்லி சக்கரவர்த்தியின் கல்லறையை 1956 முதல் 1958 வரை தோண்டித் திறந்தார்கள். உள்ளே கட்டுக் கட்டாகப் பட்டு. வெளிக்காற்றுப் பட்டதும் நிறம் மங்கி, இறுகி, நொறுங்கத் தொடங்கியது. காப்பாற்றப் பூசியதும் கெடுதலாகவே முடிந்தது. மயில் தோகையின் இழைகளைப் பட்டு நூலோடு முறுக்கி நெய்த அங்கித் துணி ஒன்றும் அதில் இருந்தது. அதே மாதிரியை நான்ஜிங் நெசவாளர்கள் பிற்பாடு பல வருஷம் உழைத்துத் திரும்ப நெய்தார்கள். அந்தத் தறியில் மேலே ஒருவர் உட்கார்ந்து நூல்களைத் தூக்குவார், கீழே ஒருவர் நெய்வார். இரண்டு பேர் நாள் முழுக்க உட்கார்ந்தால் ஐந்தாறு சென்டிமீட்டர். 2009இல் யுனெஸ்கோ அந்த நெசவைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒருவர் எழுந்து போய்விட்டால் மற்றவர் சும்மா உட்கார வேண்டியதுதான்.

மீனா சொன்னாள், நீ பட்டறையை மூடப்போகிறாயாம். பெரிய சட்டத்தை அந்தக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்காரருக்கே விலை பேசிவிட்டாயாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரணம் மெஷின் போட்டி என்று அவளிடம் சொன்னாய். பொய். மெஷின் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போதெல்லாம் நீ மூடவில்லை.

சீன வேலையில் விதை மாதிரி சின்னச் சின்ன முடிச்சுகளாலேயே பூவை நிரப்புகிற தையல் ஒன்று உண்டு. நம் பிரெஞ்சு முடிச்சின் அக்காள். அதைத் தைத்துத் தைத்துப் பெண்கள் பார்வை இழந்ததால் அரசன் தடை செய்தான் என்று ஒரு கதை. பழம்பொருள் வியாபாரிகள் விலை ஏற்றக் கட்டிவிட்ட கதை, தடையும் இல்லை ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படிக்கிறபோது எனக்கு உன் கண்தான் நினைவுக்கு வந்தது. தீபாவளிக்குப் பேசியபோது ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாய். எனக்குக் கேட்டது. கண்புரை என்று டாக்டர் சொல்லி எவ்வளவு காலம் ஆகிறது? ஒரு காலை நேர வேலை அது. என் அண்ணிக்குச் செய்தபோது மறுநாளே டிவி பார்த்தாள். நீ பயப்படுகிறாய், அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு மெஷின்மேல் பழியைப் போடுகிறாய். கோபம் வந்தால் வரட்டும், எழுதிவிட்டேன்.

வைகாசி கடைசியில் நான் அங்கே இருப்பேன். அதுவரை சட்டத்தைக் கொடுக்காதே. முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடு, நான் தருகிறேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்து மீனாவிடம் சொல்லிவை, உன்னிடம் கேட்டால் மழுப்புவாய். கூட நான் வருகிறேன். சொட்டு மருந்து போடுகிற பொறுப்பும் என்னுடையது, உன் தம்பியிடம் விட்டால் அழுவான்.

புத்தகத்தில் இருக்கிற படங்களை மருமகன் பிரதி எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இங்கே பட்டு இழை நல்லதாகக் கிடைக்கிறது. என்னென்ன நிறம் வேண்டும் என்று எழுது. பச்சையில் குறைந்தது மூன்று சாயலாவது கேள்.

அன்புடன்,
விசாலம்